26 நாள் வகுப்பில் மருந்து எழுதும் உரிமையா?

இரவுப்பணி:
நம் மன்றத்தின் மகப்பேறு இழையில் மருத்துவர் நாடித்துடிப்பு ஐயா நேற்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "பிரிட்டனில் 26 நாள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்த நர்ஸ் மருந்துச் சீட்டு எழுதுகிறார். மற்ற நாடுகளும் இதைப் பின்பற்றினால் நோயாளிகளைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்." அங்கே பதில் சொன்னால் இழை திசை மாறும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

26 நாளைப் பிடித்துக்கொண்டவர் அதற்கு முன்னும் பின்னும் இருப்பதை ஏன் விழுங்கினார்? 2006-இல் அங்கே வகுத்த பயிற்சித் தரத்தின்படி, பதிவு பெற்று மூன்று ஆண்டு பணியாற்றியவர்தான் அந்த வகுப்பில் சேர முடியும். எந்தத் துறையில் மருந்து எழுதப்போகிறாரோ அதே துறையில் கடைசி ஓராண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். வகுப்புக்கு மேல் 12 நாள், ஒரு மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளிகளிடம் பயிற்சி. மருந்தியல் தேர்வில் 80 சதவீதம். டோஸ் கணக்கில் 100 சதவீதம். ஒரே ஒரு கணக்குத் தவறினாலும் தேர்ச்சி கிடையாது. ஐயா, நீங்கள் படித்த கல்லூரியில் மருந்தியலில் எத்தனை எடுத்தால் தேர்ச்சி?

நாடித்துடிப்பு:
26-உம் 12-உம் 38. சரி, 38 நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள் சகோதரி. நாங்கள் ஐந்து ஆண்டுக்கு மேல் படித்தது பொழுது போகாமலா?

கணக்குத் தெரிந்தால் மருந்து தெரிந்துவிடாது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுத்துக்கொள்ளும் பெண்மணி ஒருவர் சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று வருகிறார். சிறுநீர்த் தொற்று என்று ட்ரைமெத்தோப்ரிம் என்ற ஆன்டிபயாடிக் எழுதுகிறீர்கள். அளவு சரி, நாள் சரி, கணக்கில் நூற்றுக்கு நூறு. இரண்டு மருந்துமே, இரத்த அணுக்கள் உருவாகத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமினின் வேலையைத் தடுப்பவை. எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, இரத்த அணுக்கள் குறைந்து, அவர் உயிருக்கே ஆபத்து வரலாம். இதை 26 நாளில் எந்த நாளில் சொல்லித் தருவார்கள்?

இரவுப்பணி:
வகுப்பின் முதல் பாடமே அதுதான் ஐயா: பேனாவைத் திறக்கும் முன் "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பது. கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டார் கொடுத்தது எல்லாவற்றையும் கேட்பது. ஒவ்வாமையைக் கேட்பது. கர்ப்பமா, பாலூட்டுகிறாரா என்று கேட்பது. சீட்டு எழுதுவது கடைசி வேலை.

நீங்கள் சிறுநீர்த் தொற்றைச் சொன்னதால் நானும் அதையே சொல்கிறேன். கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்தில் ட்ரைமெத்தோப்ரிமைத் தவிர்க்க வேண்டும். பிரசவம் நெருங்கும்போது அதே தொற்றுக்கான இன்னொரு மருந்தான நைட்ரோஃபுரன்டாயினைத் தவிர்க்க வேண்டும், பிறக்கும் குழந்தையின் சிவப்பணுக்கள் சிதையலாம். இந்த இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பேறுகாலச் செவிலியர்களோடு வேலை செய்திருக்கிறேன். இவற்றில் ஒன்றைக் கவனிக்காமல் எழுதிய மருத்துவர்களோடும் வேலை செய்திருக்கிறேன்.

கோடைமழை:
எல்லோரும் "மருந்து எழுதுவது" என்கிறீர்கள். எதைச் சொல்கிறீர்கள்? நோயைக் கண்டறிந்து தானே முடிவெடுத்து எழுதுவதா? மருத்துவர் வகுத்த திட்டத்துக்குள் அளவை மாற்றுவதா? இன்ன நிலையில் இன்ன மருந்து என்று முன்பே எழுதி வைத்த நிலையாணைப்படி கொடுப்பதா? மூன்றுக்கும் பயிற்சி வேறு வேறு. முதலில் இதைப் பேசிவிட்டுத் தொடரலாமே.

நாடித்துடிப்பு:
எதுவானால் என்ன, 26 நாள் 26 நாள்தான்.

அளவுகோல்:
நான் மருந்தாளுநர். இருவருக்கும் ஒரு கேள்வி. இந்த வகுப்பை யார் எடுக்கிறார்கள்? மருந்தைப் பற்றிப் படித்தவனைக் கேட்காமல் டாக்டரும் நர்ஸும் அடித்துக்கொள்வது வழக்கம்தானே.

சீட்டுகளில் நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். அரை மில்லிகிராமைப் புள்ளி ஐந்து என்று எழுதி, முன்னால் பூஜ்யம் போடாமல் விடுகிறார்கள். புள்ளி மங்கினால் அது 5. பத்து மடங்கு. ஒன்றை 1.0 என்று எழுதுகிறார்கள், அது 10 ஆகிவிடுகிறது. மைக்ரோகிராமைச் சுருக்கி எழுதி மில்லிகிராமாகப் படிக்க வைக்கிறார்கள். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100. "பாராசிட்டமால் 5 மில்லி" என்று மட்டும் எழுதினால் தாய் எதைக் கொடுப்பார்? இப்படி எழுதியவர்கள் எல்லோரும் ஐந்து ஆண்டுக்கு மேல் படித்தவர்கள்.

நாடித்துடிப்பு:
அளவுகோல், ஆன்டிபயாடிக் இழையில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே வந்து தீர்த்துக்கொள்கிறீர்கள். சீட்டில்லாமல் அசித்ரோமைசின் கொடுப்பவர்கள் யார் என்று அன்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

அளவுகோல்:
பதில் எழுதினேன். நீங்கள் படிக்கவில்லை. சீட்டில்லாமல் கொடுப்பவன் குற்றவாளி என்று அன்றே சொன்னேன். சளிக்கும் காய்ச்சலுக்கும் அதே அசித்ரோமைசினைச் சீட்டோடு எழுதுபவரை என்ன சொல்வது என்று கேட்டேன். அதற்குத்தான் நீங்கள் காணாமல் போனீர்கள்.

செங்காந்தள்:
நானும் செவிலியர்தான், ஆனால் இரவுப்பணி அக்காவோடு உடன்பட முடியவில்லை. இப்போதே ஒருவர் மூவரின் வேலையைப் பார்க்கிறோம். நாளை சீட்டும் எழுதச் சொல்வார்கள். சம்பளம் அதேதான் இருக்கும். தவறு நடந்தால் கையெழுத்து என்னுடையது, நீதிமன்றத்தில் நிற்பதும் நான். சட்டப் பாதுகாப்பும் காப்பீடும் எழுத்தில் வரும்வரை, 26 நாள் அல்ல, 260 நாள் வகுப்பு என்றாலும் நான் போகமாட்டேன்.

இரவுப்பணி:
தங்கச்சி, பொறுப்பு ஏற்கெனவே உன் தலையில்தான் இருக்கிறது, உரிமை மட்டும்தான் இல்லை. மருத்துவர் தொலைபேசியில் சொன்னதை நள்ளிரவில் கொடுத்துவிட்டு விடியும்வரை கையெழுத்துக்குக் காத்திருக்கும்போது அந்த மருந்து யார் கணக்கில் இருக்கிறது?

பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு என்று ஒரு தாய்க்கு மெதைல் எர்கோமெட்ரின் எழுதி, ஊசியைப் போடச் சொன்னார்கள். இரத்த அழுத்தம் 160-க்கு 110. அந்த மருந்து இரத்தக் குழாயைச் சுருக்கும், அழுத்தம் இன்னும் ஏறும். நான் போடமாட்டேன் என்றேன், ஆக்சிடோசின் எழுதுங்கள் என்றேன். மாற்றி எழுதினார்கள். முடிவெடுத்தது நான், கையெழுத்து வேறொருவருடையது. இதை முறையாகக் கற்பித்து, சோதித்து, சட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்வதுதான் தவறா?

இன்னொன்று. கர்ப்பகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட். 50 சதவீதக் கரைசலில் 2 மில்லி ஆம்பியூல் ஒன்றில் ஒரு கிராம் இருக்கிறது. பிட்டத்தில் பக்கத்துக்கு 5 கிராம் ஆழமாகப் போட வேண்டும் என்றால் பத்து ஆம்பியூலை உடைக்க வேண்டும். தாய் வலிப்பில் துடிக்க, உறவினர்கள் கதற, ஒவ்வொன்றாக உடைத்து எண்ணுவது செவிலியர். அடுத்த டோஸுக்கு முன் முழங்காலைத் தட்டிப் பார்க்க வேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். மூச்சு அடங்கினால் கொடுக்கக் கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இதைச் செய்ய முடிந்தவருக்குச் சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை எழுதக் கற்றுத்தர முடியாதா?

நாடித்துடிப்பு:
வகுத்து வைத்த நெறிமுறையைச் செய்வது வேறு, மருந்தைத் தேர்ந்தெடுப்பது வேறு. நீங்கள் சொன்னது முதலாவது.

மேலும், பெருமையாகச் சொன்னீர்களே மூன்று ஆண்டு அனுபவம், மருத்துவர் மேற்பார்வை? 2018-இல் வந்த புதிய தரத்தில் மூன்று ஆண்டு ஓராண்டாகிவிட்டது. மேற்பார்வையிடுபவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்பதும் போய்விட்டது. மருந்து எழுதும் தகுதியுள்ள செவிலியரோ மருந்தாளுநரோ போதும். இதை ஏன் விழுங்கினீர்கள்?

இரவுப்பணி:
விழுங்கவில்லை. 2006-இன் தரம் என்று ஆண்டு போட்டுத்தான் எழுதினேன். மருத்துவர் மேற்பார்வையில் தொடங்கி, எழுதத் தெரிந்தவர்கள் போதிய அளவில் உருவான பிறகு மாற்றினார்கள். செவிலியர் மருந்து எழுதலாம் என்ற சட்டம் அங்கே வந்தது 1992-இல். முதலில் சமுதாயச் செவிலியர்களுக்கு மட்டும், அதுவும் சிறு பட்டியலிலிருந்து மட்டும். தகுதிக்கு உட்பட்டு ஏறக்குறைய எந்த மருந்தையும் எழுதலாம் என்ற நிலை வந்தது 2006-இல். படிப்படியாக வந்ததை ஒரே நாளில் வந்ததாகக் காட்டாதீர்கள்.

நியூசிலாந்தில் பேறுகாலச் செவிலியர்கள் 1990 முதல் எழுதுகிறார்கள். அயர்லாந்தில் 2007 முதல். தென்னாப்பிரிக்காவில் 2010 முதல் எச்.ஐ.வி. மருந்தைச் செவிலியரே தொடங்குகிறார். அங்கே மருத்துவர் வரட்டும் என்று காத்திருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு 46 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்புக் கட்டுப்பாட்டில் மருத்துவரல்லாதவர் எழுதிய மருந்தும் மருத்துவர் எழுதியதற்கு ஈடாகவே வேலை செய்திருக்கிறது.

நாடித்துடிப்பு:
ஈடாக என்றால் நீண்டநாள் நோய்களில், ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவர்களிடம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புதிதாக வருபவரிடம் அல்ல.

இரவுப்பணி:
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு எழுதுவோம் என்று இந்த இழையில் யார் சொன்னது? தன் தகுதிக்கு வெளியே எழுதக் கூடாது என்பது அந்தப் பயிற்சியின் அடிப்படை விதி. எப்போது எழுதாமல் அனுப்பிவைக்க வேண்டும் என்பதும் பாடம். உங்கள் பாடத்திட்டத்தில் அது இருந்ததா?

அளவுகோல்:
வகுப்பை யார் எடுப்பது என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கோடைமழை:
நான் கேட்டதற்கும்தான்.

நாடித்துடிப்பு:
இரவில் மறுபடி வருகிறேன். அதற்குள் ஒன்றை மட்டும் யாராவது சொல்லுங்கள். 26 நாளில் எத்தனை மருந்து?

இரவுப்பணி:
26 நாள் அல்ல. மூன்று ஆண்டுப் பணி, அதில் ஓராண்டு அதே துறையில், 26 நாள், 12 நாள். முழுதாக எழுதுங்கள் ஐயா, பிறகு பதில் சொல்கிறேன்.

நாடித்துடிப்பு:
மூன்று ஆண்டு அல்ல, இப்போது ஓராண்டு. நீங்கள்தான் முழுதாக எழுத வேண்டும்.