பதில்: வைரம் வாங்குவோருக்கான சொற்கள் – ‘வெற்றுக்கண் சுத்தம்’

குழு உறவுகளுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத் திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் சேர்க்கும் சொற்பட்டியலுக்காக மட்டக்களப்பு அக்கா தொடங்கிவைத்த கேள்வி இது: ஆங்கிலத்தில் ‘ஐ கிளீன்’ என்று சொல்லும் வைரத்துக்குத் தமிழில் என்ன பெயர்? லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே புள்ளியோ கோடோ தெரியும், வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அப்படியான கல். சென்னை ஐயா ‘மாசற்ற வைரம்’ என்றார். ரொறன்ரோத் தம்பி ‘கண்தெளிவு’ என்றார். அக்கா தானே ‘கண்படாக் குறை’ என்று ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். நான் ‘வெற்றுக்கண் சுத்தம்’ என்று முன்மொழிகிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சொல்லில் வாங்குபவரின் காசு இருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது இதே பேச்சுத்தான். என் தம்பிக்கு எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, நடக்க இருக்கிறது, மோதிரம் மாற்றுவதாக இரண்டு வீட்டாரும் பேசி முடித்துவிட்டார்கள். பெண் பிள்ளைக்கு ஒரு சின்ன வைரக்கல் வைத்த மோதிரம் என்றால் விருப்பம். பவுண் விற்கிற விலையில் தங்கத்துக்கே கையிருப்பில் பெரும்பகுதி போய்விடும், மிச்சத்தில்தான் கல். தம்பியோடு நகைக்கடைக்குப் போய் இருந்தால், கடைக்காரர் மரியாதையாகத்தான் விளங்கப்படுத்துகிறார். ஆனால் அவர் வாயில் வருவது எல்லாம் ‘வீவீஎஸ்’, ‘வீஎஸ்’, ‘எஸ்ஐ’ என்ற எழுத்துகள். அந்த எழுத்துகளுக்குள் எது கண்ணுக்குத் தெரியும், எது தெரியாது என்று கேட்பதற்கு வாங்குபவரிடம் ஒரு தமிழ்ச்சொல் இல்லை. எழுத்து உயர உயர நல்லது என்று நினைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்தியாசத்துக்கு ஆட்கள் காசு கொடுக்கிறார்கள்.

அந்த அளவுகோலை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சொல் எங்கே பொருந்த வேண்டும் என்பது அப்போது விளங்கும். அமெரிக்க இரத்தினவியல் நிறுவனத்தின், அதாவது ஜிஐஏ-யின், தெளிவுத் தரத்தில் 11 படிகள் இருக்கின்றன. 10 மடங்கு உருப்பெருக்கத்தில் உள்ளேயும் வெளியேயும் ஒன்றும் தெரியாத கல் மேல் படி. அடுத்த படியில் வெளிப்புறத்தில் மட்டும் சிறு கீறல் போன்றவை இருக்கலாம். அதற்குக் கீழே வீவீஎஸ் (உள்ளே இருப்பது மிக மிகச் சிறியது) இரண்டு, வீஎஸ் (மிகச் சிறியது) இரண்டு, எஸ்ஐ (சிறியது) இரண்டு, கடைசியில் ‘ஐ’ (தெளிவாகவே தெரிவது) மூன்று. இவை எல்லாம் 10 மடங்கில் பார்த்துத் தீர்மானித்த படிகள். வெறும் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று அந்த அளவுகோல் எந்த இடத்திலும் சொல்வதில்லை. ஒரு கரட் எடைக்கு உட்பட்ட வட்டக்கல் என்றால் வீஎஸ் தரத்தில் அநேகமாக எல்லாமும், எஸ்ஐ முதற்படியில் பலவும் கண்ணுக்குச் சுத்தமாகவே இருக்கும். கையிருப்பு குறைந்தவர் தேட வேண்டிய கல் அந்த இடத்தில்தான் கிடக்கிறது. நாங்கள் உண்டாக்கும் சொல் அந்த இடத்தைத் துல்லியமாகக் காட்ட வேண்டும்.

இதனால்தான் ‘மாசற்ற’ என்பதை நான் ஏற்கவில்லை, ஐயா. சொல் அழகானது, சந்தேகம் இல்லை. ‘மாசறு பொன்’ என்று சிலப்பதிகாரத்திலேயே பழகிய சொல். ஆனால் அது முழுமையான தூய்மையைச் சொல்கிறது. 11 படிகளில் முதற்படிக்கு, 10 மடங்கிலும் ஒன்றும் தெரியாத அந்தக் கல்லுக்கு, அதைத்தான் வைக்க வேண்டும். அதையே எஸ்ஐ கல்லுக்கும் சொன்னால், விற்பவர் ‘மாசற்றது’ என்று சொல்லிவிட்டு எந்தப் படியையும் கொடுக்கலாம், அவர் சொன்னது பொய்யும் ஆகாது. முதற்படிக்கு ‘மாசறு வைரம்’ என்று தனியாகப் பதிந்துவிடுவோம்.

‘கண்தெளிவு’ என்றால் இங்கே எவரும் பார்வை தெளிவாக இருப்பதைத்தான் எடுப்பார்கள். கண் சத்திரசிகிச்சை செய்துகொண்டவரைப் பற்றிக் கதைப்பது போல இருக்கும். ‘கண்படாக் குறை’ ஓசைக்கு நல்லது, ஆனால் கண்படுதல் என்றால் எங்கள் பக்கத்தில் கண்ணூறு. கலியாண மோதிரத்தில் அந்தச் சொல்லை எந்த அம்மாவும் விடமாட்டார். அதோடு அது குறைக்குப் பெயரே தவிர கல்லுக்குப் பெயர் ஆகவில்லை.

‘வெற்றுக்கண்’ இலங்கைப் பாடப்புத்தகங்களில் ஏற்கனவே இருக்கும் சொல். வெற்றுக்கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள் என்று விஞ்ஞான பாடத்தில் படித்தவர்களுக்கு அது உருப்பெருக்கி இல்லாத கண் என்று உடனே புரியும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ‘வெறுங்கண்’ பழக்கம் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளலாம், பொருள் மாறாது. ‘சுத்தம்’ வடமொழி என்று கோயம்புத்தூர் நண்பர் சொல்வார் என்று தெரியும். ‘தூய்மை’ போட எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கடையில் ‘கல் சுத்தமா?’ என்று கேட்பது ஏற்கனவே வாயில் வருகிற கேள்வி. அதற்கு முன்னால் ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கிறோம், அவ்வளவுதான். ‘இந்தக் கல் வெற்றுக்கண் சுத்தமா?’ என்று தம்பி கேட்டால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு அகராதி தேவையில்லை. நகைக்கடையில் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படாத சொல்லாக இருக்க வேண்டும் என்பதைத்தான் நான் முதல் நிபந்தனையாக வைப்பேன்.

சரி, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் அந்தப் பொருளுக்கு என்ன பெயர்? ‘உள்ளடக்கம்’ என்று சிலர் மொழிபெயர்த்திருக்கிறார்கள், அது புத்தகத்தின் பொருளடக்கம் போலக் கேட்கிறது. ‘குற்றம்’, ‘தோஷம்’ இரண்டும் பழைய வழக்கு, ஆனால் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் தோஷம் உள்ள வைரம் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். கரும்புள்ளி உள்ள வைரம் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. அதை மதித்தே கல் தெரிவு செய்யலாம், உள்ளே இருப்பது கருமையா வெண்மையா என்று கேட்டுவிட்டால் போதும். ஆனால் சொல்லே பழி சுமத்துவதாக இருக்கக் கூடாது. நான் ‘மறு’ என்று வைக்கலாம் என்கிறேன். உடம்பில் இருக்கும் மறு ஆளுக்கு அடையாளமாவது போல, வைரத்தின் உள்ளே இருக்கும் மறுவும் அந்தக் கல்லுக்கு அடையாளம். வைரம் வளரும்போதே உள்ளே அகப்பட்ட வேறு பளிங்குத் துணுக்கு, வளர்ச்சியில் விழுந்த கோடு, சிறு வெடிப்பு, எல்லாம் இதில் அடங்கும். முழு விவரச் சான்றிதழ்களில் அவை எங்கே இருக்கின்றன என்று படம் வரைந்தே காட்டுவார்கள். கையில் உள்ள கல்லும் தாளில் உள்ள கல்லும் ஒன்றுதானா என்று பார்க்க அந்தப் படம் உதவும்.

மறுவின் வகைகளுக்குப் புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மதுரை நகரின் இரத்தினக் கடைவீதியை விவரிக்கும் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் நல்ல வைரத்தில் இருக்கக் கூடாதவை என்று நான்கு வருகின்றன: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. இன்றைய சான்றிதழில் எழுதுகிறவற்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊசிமுனை போன்ற புள்ளிக்கு விந்து. பல புள்ளிகள் சேர்ந்து புகைபோலத் தெரிவதற்குக் களங்கம். உள்ளே ஓடும் வளர்ச்சிக் கோட்டுக்கு ஏகை. கிளைவிட்ட வெடிப்புக்குக் காகபாதம். ஆங்கிலத்தில் அந்த வெடிப்பை இறகு என்கிறார்கள், நமக்கு இறகு தேவையில்லை, காகத்தின் கால் போதும். இந்த நான்கிலும் விந்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, பயப்பட வேண்டியதும் இல்லை. காகபாதம் கல்லின் விளிம்பு வரை ஓடினால் மட்டும் கவனம் தேவை, அடிபட்டால் கல் அந்த இடத்தில் உடையக்கூடும். களங்கம் அடர்ந்தால் கல் முழுவதும் மங்கும்.

அப்புறம் ‘கட்’ என்பதை ‘வெட்டு’ என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். அதனால் ஆட்கள் வட்டமா சதுரமா என்ற வடிவத்தையும், கல் எவ்வளவு நேர்த்தியாகத் தீட்டப்பட்டிருக்கிறது என்பதையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பட்டை தீட்டுவது என்று நமக்குச் சொல் இருக்கிறதே. வடிவம் வேறு, ‘பட்டைத்தரம்’ வேறு. வட்டக்கல்லில் வழக்கமாக 57 அல்லது 58 பட்டைகள். அவை சரியான கோணத்தில் இருந்தால் மேலே விழுந்த வெளிச்சம் உள்ளே திரும்பி மேலேயே வெளியே வரும். ஒளிமுறிவுச் சுட்டி, அதாவது ஒளியை வளைக்கும் அளவு, 2.42 ஆக இருப்பதால்தான் வைரத்துக்கு அந்தத் திறன். கோணம் தவறினால் வெளிச்சம் அடியால் கசிந்து கல் நடுவில் இருண்டு போகும். வெற்றுக்கண் சுத்தத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு: நன்றாகத் தீட்டிய கல்லின் மின்னலில் சிறு மறு மறைந்துவிடும், மோசமாகத் தீட்டியதில் அதே மறு பளிச்சென்று தெரியும். ஆகவே காசு குறைவு என்றால் பட்டைத்தரத்தில் விட்டுக்கொடுக்காமல், தெளிவிலும் நிறத்திலும் எடையிலும் இறங்கி வரலாம். மஞ்சள் தங்கத்தில் பதிக்கிற கல்லுக்கு நிறத்தில் இரண்டு மூன்று படி இறங்கினாலும் கண் பிடிக்காது. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் மஞ்சள் தங்கம்தான் கேட்பார்கள், அது இங்கே நல்லதாகவே போயிற்று. எடையில் ஒரு கரட் என்ற முழு எண்ணைத் தொடும் இடத்தில் விலை தாவும். 0.90 கரட் கல் விட்டத்தில் கால் மில்லிமீற்றர் அளவுதான் சிறியது.

கரட் என்றதும் இன்னொன்று. தங்கத்துக்கும் கரட், கல்லுக்கும் கரட் என்று நாங்கள் ஒரே சொல்லைப் பாவிக்கிறோம். ‘18 கரட்டில் அரைக் கரட்’ என்றால் முதல்முறை வாங்குபவர் குழம்புவது நியாயம். கல்லுக்கு ‘கரட் எடை’, தங்கத்துக்கு ‘கரட் மாற்று’ என்று பிரித்துவிடலாம். பத்தரைமாற்றுத் தங்கம் என்ற வழக்கில் மாற்று என்பது தங்கத்தின் தரம்தானே. ஒரு கரட் எடை 0.2 கிராம். 18 கரட் மாற்றில் நூற்றுக்கு 75 பங்கு தங்கம். கல்லை இறுகப் பிடிக்க 22-ஐ விட அது உறுதியானது என்பதால்தான் வைர மோதிரத்துக்கு 18 சொல்கிறார்கள்.

ரொறன்ரோத் தம்பி ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரத்துக்கும் சொல் கேட்டிருந்தார். அது தனி இழைக்கு உரிய விடயம், இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘செயற்கை வைரம்’ என்றால் இங்கே கண்ணாடிக் கல் என்றுதான் எடுப்பார்கள். அது அப்படி அல்ல. காபன் அணுக்கள் அதே ஒழுங்கில் அடுக்கிய, உண்மையான வைரம். 1954-இலேயே அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் அதை உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள். இன்று விலை சுரங்க வைரத்தை விடப் பல மடங்கு குறைவு, திரும்ப விற்கும்போது கிடைப்பதும் மிகக் குறைவு. ‘ஆய்வுகூட வைரம்’ என்றே இருக்கட்டும், ‘சுரங்க வைரம்’ அதற்கு இணையாக வரட்டும். வைரம் போலத் தோன்றும் ஸிர்கோனியாவும் மொய்சனைற்றும் வைரமே அல்ல, அவற்றுக்குப் பின்னால் வைரம் என்ற சொல்லை ஒட்டவே கூடாது. நிறமற்ற ஸிர்கோன் கல்லை ‘மாத்தறை வைரம்’ என்று விற்ற நாடு இது. இலங்கையில் வைரச் சுரங்கம் கிடையாது, நீலமும் வைடூரியமும் விளையும் நிலம். வெளியிலிருந்து வரும் கல்லைப் பற்றி வாங்குபவருக்குக் கிடைப்பது ஒரு தாளும் விற்பவர் சொல்லும் சொல்லும் மட்டும்தான். அந்தச் சொல்லைச் சரியாக வைக்க வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பது அதனால்தான்.

இனி அக்காவிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலில் சேர்க்கும்போது சொல்லை மட்டும் போடாமல் எப்படிப் பார்ப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இது ஜிஐஏ கொடுக்கும் தரம் இல்லை, கடைக்குக் கடை அளவு மாறும். ஒருவர் ஒரு முழ தூரத்தில் பார்த்து ‘சுத்தம்’ என்பார், இன்னொருவர் மூக்குக்கு அருகில் வைத்துப் பார்ப்பார். என் வாசகம் இது:

வெற்றுக்கண் சுத்தம் – வைரத்தின் உள்ளே உள்ள மறு, உருப்பெருக்கி இல்லாமல், பகல் வெளிச்சத்தில், மேற்புறமாக, 25 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து பார்க்கும்போது தெரியாதிருத்தல்.

பகல் வெளிச்சம் என்பதை யாரும் வெட்டிவிட வேண்டாம். கடையின் உச்சி விளக்குகள் எந்தக் கல்லையும் மினுக்கிக் காட்டும், வாசலடி நிழலுக்குக் கொண்டுவந்து பார்த்தால்தான் உள்ளது தெரியும். ‘மேற்புறமாக’ என்பதும் வேண்டும். பக்கவாட்டில் சரித்துப் பார்த்தால் நல்ல கல்லிலும் மறு தென்படும், ஆனால் மோதிரமாகப் பதித்த பிறகு அந்தப் பக்கத்தை எவரும் பார்ப்பதில்லை. விளிம்பில் உள்ள மறுவைக் கல்லைப் பிடிக்கும் தங்க நுனிக்கு அடியில் மறைத்துப் பதிக்கவும் முடியும்.

கூடவே ஒரு குறிப்பு: படிப்படியாகப் பட்டை தீட்டிய நீள்சதுரக் கல்லுக்கு இதே தரத்தை நம்பக் கூடாது. அதன் மேல்முகம் கண்ணாடித் தட்டுப்போல் அகன்று இருப்பதால் வட்டக்கல்லில் மறைகிற மறு அதில் நேரே தெரியும், அங்கே ஒரு படி மேலே போக வேண்டிவரும். ‘எஸ்ஐ என்றால் வெற்றுக்கண் சுத்தம்’ என்று யாரும் பட்டியலைப் பார்த்துச் சமன்பாடு போட்டுவிடாமல் இருக்க, அந்தக் குறிப்பு சொல்லுக்கு நேர் கீழேயே வரவேண்டும். கோயம்புத்தூர் நண்பர் ‘வெறுங்கண் தூய்மை’ என்ற இணைச்சொல்லோடு ஒத்துக்கொண்டால் இரண்டையும் ஒரே பதிவில் போட்டுவிடலாமா, அக்கா?