பிளேஸ்மென்ட் டெஸ்டுக்குத் தமிழ்ச்சொல்: ‘படிகாண் தேர்வு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

டெக்சாஸ் மாநிலக் கல்லூரிகளில் முதலாண்டு சேரும் பிள்ளைகளின் தமிழ்ப் பெற்றோருக்காக ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளை எந்த வகுப்பிலிருந்து தொடங்குவது என்று பார்க்கும் தேர்வுக்கு அங்கே ‘பிளேஸ்மென்ட் டெஸ்ட்’ என்று பெயர். அந்த ஒரு சொல்லிலேயே இரண்டு வாரமாக நிற்கிறேன். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டபோது நீங்கள் அனுப்பிய சொற்களை எல்லாம் கையேட்டின் வாக்கியங்களில் வைத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அப்படியே ‘பிளேஸ்மென்ட் தேர்வு’ என்று விட்டுவிடலாமே என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். கோவையிலிருந்து வந்திருந்த என் மைத்துனரிடம் அந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுத்தேன். “படிப்பே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள எந்தக் கம்பெனி வருது?” என்று கேட்டார். தமிழ்நாட்டில் பிளேஸ்மென்ட் என்றால் கடைசி ஆண்டு, வளாக நேர்காணல், வேலை. அந்தப் பொருள் வேரூன்றிவிட்டது. இனி அதை மாற்ற முடியாது.

‘நுழைவுத் தேர்வு’ அதைவிடப் பெரிய தவறு. 2007-இல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு ஒழிந்ததையும், பிறகு மருத்துவத்துக்கு நீட் வந்ததையும் பார்த்த பெற்றோருக்கு அந்தச் சொல் கதவு மூடும் ஓசையாகவே கேட்கும். இந்தத் தேர்வு கதவை மூடுவதில்லை. பிள்ளைக்குக் கல்லூரியில் ஏற்கெனவே இடம் உண்டு. கணிதத்திலும் ஆங்கிலத்திலும் எந்த வகுப்பிலிருந்து தொடங்குவது என்பது மட்டுமே கேள்வி.

‘தரப்படுத்தல் தேர்வு’ என்ற சொல்லை நானும் முதலில் விரும்பினேன். ஈழத்து அம்மா ஒருவர் தனிமடலில் எழுதியதும் கைவிட்டேன். 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் மருத்துவமும் பொறியியலும் படிக்கத் தமிழ்மொழி மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டும் என்று வந்த ஏற்பாட்டுக்கு அங்கே வழங்கும் பெயரே தரப்படுத்தல். ஒரு தலைமுறையின் காயத்தைச் சுமக்கும் சொல்லை அதே பல்கலைக்கழகச் சூழலில் வேறு பொருளுக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டுக்கு மட்டும் அகராதி செய்கிறோம் என்ற நினைப்பு நம் எல்லோருக்கும் எளிதில் வந்துவிடுகிறது.

பி.எட். நூல்களில் ‘டயக்னாஸ்டிக் டெஸ்ட்’டுக்கு உள்ள ‘குறையறி சோதனை’யைச் சிலர் சொன்னீர்கள். நல்ல சொல்தான், ஆனால் அதற்கு இங்கே வேறு வேலை இருக்கிறது. டெக்சாஸ் தேர்வில் கணிதத்துக்கு முதலில் 20 கேள்விகள். 950 மதிப்பெண் எட்டினால் நேரே கல்லூரிக் கணிதம். எட்டாதவர்களுக்கு அப்போதே 48 கேள்விகள் கொண்ட இன்னொரு பகுதி தொடரும். எந்தப் பகுதியில் தடுமாற்றம் என்று பார்ப்பது அதுதான். அந்த இரண்டாம் பகுதிக்கே குறையறி சோதனை என்ற பெயரை வைத்துக்கொள்வோம். முழுத் தேர்வுக்கும் அதே பெயர் என்றால், எல்லாப் பிள்ளைகளிடமும் முதலிலேயே குறை இருப்பதாக முடிவுகட்டியது போலாகிவிடும்.

‘தேர்வு’ என்ற சொல்லே வேண்டாம், அதில் தேறுவதும் தவறுவதும் ஒட்டிக்கொண்டு வருகின்றன என்ற வாதத்தோடு பாதிதான் உடன்படுகிறேன். பெயர் மென்மையாக இருந்தால் தேர்வின் கனம் தெரியாமல் போகிறது. “இதில் ஃபெயில் கிடையாது” என்று கேள்விப்பட்டு, ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் போய் உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கீழ்ப்படி வகுப்பில் போட்டார்கள் என்றால் அதற்கும் கட்டணம் உண்டு, பட்டத்துக்கான மதிப்பலகு (கிரெடிட்) மட்டும் அதில் சேராது. தேர்வுக்கு முன் அதைப் பற்றிய விளக்கப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும் என்று டெக்சாஸில் விதியே வைத்திருக்கிறார்கள். மேலும், ‘தேர்வு’ பிறந்த ‘தேர்’ என்னும் வினைக்குப் பழந்தமிழில் ஆராய்தல் என்ற பொருளும் உண்டே. ஆகவே ‘தேர்வு’ இருக்கட்டும். முன்னால் நிற்கும் சொல்தான் வேலையைச் செய்ய வேண்டும்.

என் பரிந்துரை ‘படிகாண் தேர்வு’. அரசு அலுவலகத்தில் ‘தகுதிகாண் பருவம்’ என்று நாள்தோறும் சொல்கிறோம், அதே வார்ப்புதான். படி என்றால் ஏறும் படி. எந்தப் படியில் கால் வைப்பது என்று காணும் தேர்வு. அகவிலைப்படி, பயணப்படி என்று வேறு படிகளும் இருக்கின்றனவே என்பீர்கள். அவற்றில் படி சொல்லின் பின்னால் வருகிறது, இதில் முன்னால். குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். ‘நிலைகாண் தேர்வு’ என்பதும் காதுக்கு இனிமையே. ஆனால் நிலை என்றதும் பிள்ளையின் தகுதியைப் பற்றிய தீர்ப்பு போலத் தொனிக்கிறது. படி மாணவரைச் சுட்டவில்லை, வகுப்பைச் சுட்டுகிறது.

இந்த வேறுபாட்டில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2012-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி (கம்யூனிட்டி காலேஜ்) ஆய்வு மையம் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய தேர்வு எழுதியவர்களில் கணிதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவரும் ஆங்கிலத்தில் மூன்றில் ஒருவரும் பெரிதும் பொருந்தாத வகுப்பில் அமர்த்தப்பட்டதாகக் கண்டார்கள். பள்ளி மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பிழை குறையும் என்றும் சொன்னார்கள். 2017-இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம் சமுதாயக் கல்லூரிகளைப் பள்ளி மதிப்பெண்ணின் பக்கமே திருப்பியது. கருவியே இவ்வளவு தடுமாறும்போது, அதன் பெயர் பிள்ளையின் மேல் முத்திரை குத்தக் கூடாது.

கிளைச்சொற்களையும் பார்த்துவிட்டேன். அமர்த்தும் செயலுக்குப் ‘படியமர்த்தல்’. பொருந்தாத வகுப்பில் போட்டுவிடுவதற்குப் ‘பிழைப்படியமர்த்தல்’. இரண்டாவது நாக்கில் புரளவில்லை, யாராவது சுருக்கித் தந்தால் நன்றி.

கையேட்டில் இப்போது வாக்கியம் இப்படி இருக்கிறது: “உங்கள் மகளுக்குச் சேர்க்கை உறுதியாகிவிட்டது. வகுப்பு தொடங்கும் முன் அவர் படிகாண் தேர்வு எழுத வேண்டியிருக்கலாம்.” இதை வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம், எந்த விளக்கமும் சொல்லாமல், வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதை அவர் சொன்னபடியே எனக்கு எழுதுங்கள். குறிப்பாக யாழ்ப்பாணத்து, மலேசிய நண்பர்கள்: ‘தேர்வு’ என்பதா, ‘பரீட்சை’ அல்லது ‘சோதனை’ என்பதா, உங்கள் வீட்டில் எது முதலில் வாயில் வருகிறது?