நாய் வெளிய போகாத மாதிரி பின்பக்க வேலி, தென்னாப்பிரிக்கா டர்பன்ல எது சரியா வரும்?

சாட்ஸ்வொர்த்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு சாட்ஸ்வொர்த்ல சரிவுல இருக்கு, பின்னாடி தோட்டம் அப்படியே இறங்கி கீழ்த்தெரு வரைக்கும் போகுது. எங்க பாண்டி இந்த ஊர் நாய்தான், ஆஃப்ரிகானிஸ் கலப்பு, முழங்காலுக்குக் கொஞ்சம் மேல உயரம், ஒல்லி, ஓட ஆரம்பிச்சா யாராலயும் பிடிக்க முடியாது. முன்னாடி இருந்தவங்க போட்ட ப்ரீகாஸ்ட் சுவர் (போஸ்ட்டுக்கு நடுவுல ரெடிமேட் கான்கிரீட் பலகை சொருகினது) இருக்கு, ஆனா சரிவுக்கு ஏத்த மாதிரி படிப்படியா இறங்குறதால ஒவ்வொரு படிக்கும் அடியில முக்கோணமா ஒரு சந்து, அதுல மண்ணை நோண்டி வெளிய போயிடறான். கல்லு வச்சு அடைச்சா ஒரு சாண் தள்ளி நோண்டறான். கீழ ரோட்டுல டாக்ஸிங்க வர்ற வேகத்தை நினைச்சா பயமா இருக்கு, பிள்ளைங்க அவன் மேல உயிரையே வச்சிருக்காங்க. சங்கிலில கட்டிப்போட மனசு வரல.

வந்து பார்த்த கான்ட்ராக்டர் ஒருத்தர் மொத்தத்தையும் இடிச்சுட்டு 2 மீட்டருக்கு செங்கல் சுவர் எழுப்பணும்ங்கறார், இன்னொருத்தர் பாலிசேட் (இடைவெளி விட்டு நிக்கற இரும்புக் கம்பி வேலி) போடுங்கறார், வீட்டுக்காரம்மா கம்பி வலையே போதும்ங்கறாங்க. முனிசிபாலிட்டில பிளான் குடுக்கணுமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

பைன்டவுன்_அண்ணன்:

தம்பி, சுவரை இடிக்காதீங்க. உங்க நாய் ஏறிக் குதிக்கல, அடியில நோண்டித்தான் போகுது, அதுக்குப் போய் 2 மீட்டர் சுவர் எழுப்பினா காசு மேல போகும், நாய் கீழ போகும். எந்த வேலி போடறதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி அது எப்ப, எங்க, எதுக்குப் போகுதுன்னு பாருங்க. தனியா இருக்கும்போது நோண்டுதா, குரங்கு வந்தா துரத்திட்டுப் போகுதா, வேற நாய் குரல் கேட்டா போகுதா? ஆண் நாய், இன்னும் கருத்தடை பண்ணலைன்னா முதல்ல அதைப் பண்ணுங்க, பக்கத்துல எங்கயாவது பொட்டை நாய் பருவத்துக்கு வந்தா அதை எந்த வேலியும் லேசுல நிறுத்தாது.

நோண்டறதுக்கு நல்ல வழி, சுவரோட உள்பக்கம் அடியில வெல்டு மெஷ், அதாவது வெல்டிங் பண்ணின கட்டம் கட்டமான கம்பி வலை, பாவறது. துத்தநாகம் பூசின, 50 மில்லிமீட்டர் கண்ணு உள்ள மெஷ் வாங்கி எல் வடிவத்துல மடக்குங்க. ஒரு பக்கம் சுவர்ல 300 மில்லிமீட்டர் ஏறணும், அதை ப்ரீகாஸ்ட் போஸ்ட்ல இறுக்கிக் கட்டுங்க, இன்னொரு பக்கம் தோட்டத்துப் பக்கம் தரையோட தரையா 500, 600 மில்லிமீட்டருக்குப் படுக்கணும். மேல புல்லைச் செதுக்கிட்டு மெஷ்ஷைப் போட்டு கம்பி ஆணி அடிச்சு மண்ணைப் போட்டு மூடினா கொஞ்ச நாள்ல புல்லு அதுக்குள்ளயே வேர் பிடிச்சு மெஷ்ஷைப் பிடிச்சுக்கும். நாய் எப்பவும் சுவரை ஒட்டித்தான் நோண்டும், அங்க காலுக்குக் கீழ கம்பி தட்டுப்படும், ரெண்டடி பின்னாடி வந்து நோண்டணும்னு அதுக்குத் தோணாது. முக்கோணச் சந்துகள்லயும் இதே மெஷ்ஷை வெட்டி வச்சு ஓரத்தை மட்டும் கான்கிரீட்ல பிடிச்சா போதும், சந்து முழுக்க கான்கிரீட் போட்டு அடைக்காதீங்க. மேலேர்ந்து வர்ற மழைத்தண்ணி அது வழியாத்தான் போகுது, அடைச்சா சுவருக்குப் பின்னாடி தண்ணி தேங்கி சுவரையே தள்ளிடும். 2022 ஏப்ரல் வெள்ளத்துல நம்ம பக்கம் எத்தனை சுவர் அப்படி சரிஞ்சு விழுந்துச்சுன்னு எல்லாரும் பார்த்தோம்.

பிளான் விஷயம். நேஷனல் பில்டிங் ரெகுலேஷன்ஸ்ல 1.8 மீட்டருக்கு மேல போகாத, மண்ணைத் தாங்கி நிக்காத தனிச்சுவரும் கம்பி வேலியும் சின்ன வேலைக் கணக்குல வரும், பில்டிங் கன்ட்ரோல் ஆபீசர் முழு பிளான் கேக்காமலே அனுமதி குடுக்கலாம். 2 மீட்டர்னா அதுக்குள்ள வராது. அந்த கான்ட்ராக்டர் இதைச் சொன்னாரான்னு கேளுங்க. அப்புறம் சரிவு வீடுங்கள்ல பின்பக்கம் முனிசிபாலிட்டி கழிவுநீர்க் குழாய் போறது உண்டு, அஸ்திவாரம் தோண்டறவங்க அது எங்க இருக்குன்னு பார்க்காம கடப்பாரையை இறக்கக் கூடாது. எல்லைக் குறி பெக்கையும் அசைக்கக் கூடாது, லேண்ட் சர்வே சட்டப்படி அது குற்றம்.

ப்ளஃப்_கடலோரம்:

அண்ணன் சொன்னது சரி, கூட ஒண்ணு. டைமண்ட் மெஷ் வேலி (வைரக் கட்டமா பின்னின கம்பி வலை) விலை குறைவுதான், சரிவுக்கும் நல்லா வளைஞ்சு குடுக்கும், ஆனா அடியில ஒரு இழுகம்பி ஓட்டி மெஷ்ஷை அதோட கட்டலைன்னா நாய் மூக்கால தூக்கிட்டே போயிடும். எங்க தெருவுல பாதிப் பேர் அந்த அடிக்கம்பியை விட்டுடறாங்க. மூலை போஸ்ட்டுக்கு ரெண்டு பக்கமும் முட்டு குடுக்காம கம்பியை இழுத்தாலும் போஸ்ட் சாயும். மரப் போஸ்ட்னா மண்ணுக்குள்ள போறதுக்கு எச்4 முத்திரை (மருந்து ஏத்தின தரக் குறி) உள்ள கம் போல், அதாவது யூகலிப்டஸ் கம்பம், மட்டும் வாங்குங்க, எச்3 வெளில நிக்கறதுக்குத்தான், மண்ணுக்குள்ள போட்டா கரையான் விடாது. வெட்டின துண்டுங்களை பிராய் போடறதுக்கு (கறி சுடறதுக்கு) எரிச்சுடாதீங்க, அந்த மருந்துல ஆர்சனிக் விஷம் இருக்கலாம்.

பாலிசேட் வேண்டாம்ங்கறது என் கருத்து. ரோட்டுல போறவங்க எல்லாரும் தெரியறதால நாய் நாள் முழுக்க குரைச்சுட்டு மேலயும் கீழயும் ஓடிட்டே இருக்கும், கம்பி இடுக்குல தலையையும் விட்டுக்கும்.

சாட்ஸ்வொர்த்_வாசி:

ரொம்ப நன்றி அண்ணே, ரெண்டு பேருக்கும். குரங்குன்னு சொன்னீங்க பாருங்க, அதேதான். லிச்சி பழுக்கற நேரத்துல கூட்டமா வருதுங்க, ப்ரீகாஸ்ட் மேல வரிசையா உக்காருதுங்க, இவன் கீழ நின்னு குதிச்சுக் குதிச்சு அப்புறம் நோண்ட ஆரம்பிக்கறான். பக்கத்து வீட்டு ஆன்ட்டி மண்ணுக்கடியில ஒயர் புதைச்சு கழுத்துப் பட்டைல ஷாக் குடுக்கற வேலியை வாங்கச் சொல்றாங்க. அது எப்படி?

பீனிக்ஸ்_அக்கா:

தம்பி, அது வேண்டவே வேண்டாம். குரங்கைத் துரத்தற வேகத்துல நாய் ஷாக்கைத் தாங்கிட்டு ஒரே பாய்ச்சல்ல வெளிய போயிடும், திரும்பி வரும்போது அதே ஷாக்குக்குப் பயந்து வெளிலயே நிக்கும். தெரு நாய் உள்ள வர்றதையும் அது தடுக்காது. நம்ம மாகாணத்துல நாய்கள்கிட்ட ரேபிஸ் இருக்கு, வெளி நாய் உள்ள வரவே கூடாது. பாண்டிக்கு ஊசி போட்டாச்சா? இங்க அது சட்டப்படி கட்டாயம், பிறந்து மூணு மாசம் ஆனதும் ஒண்ணு, அதுலேர்ந்து ஒரு மாசமாவது கழிச்சு, ஒரு வருஷத்துக்குள்ள இன்னொண்ணு, அப்புறம் மூணு வருஷத்துக்கு ஒருதடவை. அரசாங்க வெட்னரி ஆளுங்க முகாம் போட்டு இலவசமாவே போடறாங்க. பிள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க, எந்த நாய் கடிச்சாலும் கீறினாலும் சோப்புத் தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு உடனே கிளினிக் போகணும்.

இன்னொண்ணு தீபாவளி. நம்ம ஏரியால வெடிக்கற வெடிக்கு ரொம்ப சாதுவான நாய் கூட பைத்தியம் பிடிச்ச மாதிரி ஓடும், சுவர்ல நகம் பிய்ஞ்சு ரத்தம் வர்ற அளவுக்கு ஏறின நாயை நானே பார்த்திருக்கேன், பார்க்கவே முடியல. அந்த ராத்திரியும், நவம்பர் 5 கை ஃபாக்ஸ் (வெடி வெடிக்கற இங்கிலீஷ்காரங்க வழக்கம்) ராத்திரியும், புது வருஷத்துக்கும் வேலியை நம்பி வெளிய விடாதீங்க, சாயங்காலமே உள்ள ஒரு ரூம்ல திரையை இழுத்துவிட்டு டிவி சத்தத்தோட வச்சுக்கோங்க. மைக்ரோசிப்பும் போட்டுடுங்க, காணாம போன நாயை எஸ்பிசிஏல (விலங்குப் பாதுகாப்புச் சங்கத்துல) கொண்டுவந்து விட்டா முதல்ல அதைத்தான் ஸ்கேன் பண்ணிப் பார்ப்பாங்க.

பைன்டவுன்_அண்ணன்:

அக்கா சொன்னதுல ஒரு வார்த்தையும் விடாதீங்க. லிச்சி மரத்துக் கிளை சுவர்ப்பக்கம் நீட்டிட்டு இருந்தா வெட்டிடுங்க, குரங்கு சுவருக்கு இறங்குறது குறையும். சுவரை ஒட்டி விறகு, பழைய பெட்டி, தண்ணி டேங்க் எதுவும் வைக்காதீங்க, கீழ வழி அடைஞ்சதும் அடுத்து அது மேலதான் பார்க்கும். மெஷ் வேலையை ஜூன், ஜூலைல வச்சுக்கோங்க, அப்பதான் மழை குறைவு, மண்ணு சரிஞ்சு வராது. கேட்டை மறந்துடாதீங்க, அடியில எவ்வளவு இடைவெளி இருக்கு? அளந்து சொல்லுங்க.

சாட்ஸ்வொர்த்_வாசி:

இப்பதான் டேப் வச்சுப் பார்த்தேன் அண்ணே, ஒரு ஓரத்துல 60 மில்லிமீட்டர், இன்னொரு ஓரத்துல 140. ஸ்லைடிங் கேட். ஊசி போட்டாச்சு அக்கா, ரெண்டாவதுக்குத் தேதி வந்துடுச்சு, இந்த வாரமே கூட்டிட்டுப் போறேன்.

பைன்டவுன்_அண்ணன்:

140 பக்கம் அவன் தலை போயிடும், தலை போனா உடம்பும் போகும். கேட் அடியில கான்கிரீட்ல ஒரு திட்டு போட்டு தரையை மேல தூக்குங்க, ஆனா சக்கரம் ஓடற தண்டவாளத்துல ஒட்டாம பார்த்துக்கோங்க. அது காயற வரைக்கும் ஒரு பலகையை போல்ட் போட்டு கேட்லயே மாட்டிடுங்க.