வெள்ளைக்காரச் சிப்பாயின் கன்டோன்மென்ட் வாழ்க்கை: சொகுசா, சிறையா?

குன்னூர்_செல்வி:
போன மாதம் ஊரிலிருந்து அண்ணன் வந்திருந்தபோது வெலிங்டன் பக்கம் நடந்துவிட்டு வந்தோம். ஜக்கதளா என்று இருந்த இடத்துக்கு 1860இல் வெலிங்டன் என்று பெயர் வைத்தார்கள். சமவெளிக் காய்ச்சலில் விழுந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உடம்பு தேறட்டும் என்று கட்டிய பாரக்ஸ் அது, இன்றைக்கு மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம். சாலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே அண்ணன், "பாவம்மா அவனுங்க, எங்கேயோ பொறந்து இங்கே வந்து கஷ்டப்பட்டிருக்கானுங்க" என்றார். எனக்கு ஒத்துவரவே இல்லை, வீடு வந்து சேரும்வரை சண்டை.

1857க்கும் 1914க்கும் நடுவில், எல்லைச் சண்டைக்குப் போகாமல் கன்டோன்மென்ட் என்ற ராணுவக் குடியிருப்பிலேயே இருந்த ஒரு சாதாரண காலாட்படைச் சிப்பாயின் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்பே நாவிதர் விளக்கோடு வருவார், தூங்குகிறவனை எழுப்பாமல் படுக்கையிலேயே சவரம் செய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். கண் விழித்தால் டீ. பூட்ஸும் பெல்ட்டும் மினுக்க ஒரு ஆள், துணிக்கு டோபி, கூட்டிப் பெருக்க ஒருவர், தலைக்கு மேல் தொங்கும் பங்காவை, அதாவது கயிற்றால் ஆட்டும் பெரிய விசிறியை, இழுக்க ஒருவர். இதற்கெல்லாம் அவன் கையிலிருந்து போவது வாரம் சில அணா. அவனே இங்கிலாந்தில் இருந்தால் தன் பூட்ஸைத் தானே துடைக்க வேண்டும். இதில் கஷ்டம் எங்கே இருக்கிறது? யாராவது சொல்லுங்கள்.

பழைய_பேரேடு:
செல்வி, நாவிதர் கதை உண்மைதான். ஆனால் காலை ஆறு மணியோடு நிறுத்திவிட்டீர்கள். மீதி நாளையும் பாருங்கள்.

கோடையில் வெயில் ஏறுவதற்குள் அணிவகுப்பு முடிந்துவிடும். அதற்குப் பிறகு சாயங்காலம் ஐந்து மணிவரை வெளியே வரக்கூடாது, தொப்பி இல்லாமல் வெயிலில் தலையை நீட்டினாலே தண்டனை. ஒரே நீளக் கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில், அடைத்த கதவு, நாற்பது ஐம்பது வாலிபர்கள், செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. சீட்டு ஆடுவான், தூங்குவான், எழுந்து மறுபடி சீட்டு ஆடுவான், ஒரு சின்னப் பேச்சுக்குக் கத்தியைத் தூக்குவான். சாயங்காலம் கேன்டீன் திறந்ததும் கையில் இருப்பதைக் குடித்துத் தீர்ப்பான். சேவைக்காலம் முடிந்து கப்பலுக்காக நாசிக் பக்கம் தேவ்லாலி முகாமில் காத்துக் கிடந்தவர்களுக்குப் புத்தி பேதலித்ததாகச் சொல்லிச் சொல்லியே, பைத்தியத்துக்கு ஆங்கிலத்தில் 'டூலாலி' என்று ஒரு வார்த்தை வந்தது. ஊர்ப்பெயரே நோய்ப்பெயர் ஆகிவிட்டது!

சாவுக் கணக்கையும் சொல்கிறேன். 1863இல் வந்த அரச விசாரணைக் குழுவின் அறிக்கைப்படி, 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் செத்தார்கள். பெரும்பாலும் குண்டடியால் இல்லை, காலரா, வயிற்றுக்கடுப்பு, காய்ச்சல், ஈரல் நோய். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதியெழுதிச் சண்டை போட்டு, குடிநீரும் சாக்கடையும் சரியாகி, பாரக்ஸை உயரமாகவும் காற்றோட்டமாகவும் கட்டிய பிறகுதான் அது ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. அப்போதும் டைபாய்டு, புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கிய இருபது வயதுப் பையன்களையே தேடிப் பிடித்தது.

வந்தவர்கள் யார்? லண்டன் சந்துகளில் வேலை கிடைக்காதவன், அயர்லாந்தில் நிலம் இல்லாதவன். நாளுக்கு ஒரு ஷில்லிங் சம்பளம், அதிலும் பிடித்தம். கல்யாணம் செய்ய அதிகாரியின் அனுமதி வேண்டும், நூற்றில் சிலருக்குத்தான் கிடைக்கும். அனுமதி இல்லாமல் கட்டியவனின் மனைவிக்குக் கப்பலில் இடமும் இல்லை, ரேஷனும் இல்லை. பட்டாளம் வெளிநாடு போகும் நாளில் துறைமுகத்திலேயே நிற்க வேண்டியதுதான். உங்கள் அண்ணன் பக்கம்தான் நான்.

பங்கா_பேரன்:
என் தாத்தாவின் அப்பா பெங்களூர் கன்டோன்மென்ட்டில் பங்கா இழுத்தவர். அதனால் இந்த விஷயத்தில் என்னால் அமைதியாகப் பேச முடியாது, மன்னிக்கவும்.

பேரேடு ஐயா, அந்த நீளக் கூடத்தை உள்ளேயிருந்து காட்டினீர்கள். கூடத்தின் சுவரில் ஒரு ஓட்டை இருக்கும், அது வழியாக ஒரு கயிறு வெளி வராந்தாவுக்கு வரும். அந்த நுனியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். ராத்திரி முழுக்க இழுக்க வேண்டும். கை ஓய்ந்தால் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்து காலால் இழுப்பார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். கண் அசந்து பங்கா நின்றால் உள்ளே புழுக்கத்தில் முழித்தவன் வெளியே வந்து உதைப்பான். உதையில் செத்தவர்கள் உண்டு. வழக்கு என்று போனால் "மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது, லேசாகப் பட்டாலும் வெடித்திருக்கும்" என்று டாக்டர் சாட்சி சொல்வார், அபராதத்தோடு முடிந்துவிடும். அந்தக் காலத்து இந்தியப் பத்திரிகைகள் இதைத் திரும்பத் திரும்ப எழுதிக் கதறியிருக்கின்றன.

1899இல் ரங்கூனில் ராயல் வெஸ்ட் கென்ட் ரெஜிமென்ட் சிப்பாய்கள் ஒரு பர்மியப் பெண்ணைக் கூட்டாகச் சிதைத்த வழக்கு தெரியுமா? அதுவும் போர்க்களம் இல்லை, இதே அமைதிக் காலம், இதே 'பொழுதுபோகாத' பையன்கள். ஒருவனுக்கும் நீதிமன்றத்தில் தண்டனை கிடைக்கவில்லை.

இன்னொன்று. இவர்களுடைய சம்பளம், கப்பல் செலவு, ஏன், இங்கிலாந்தில் இவர்களுக்குக் கொடுத்த பயிற்சிச் செலவுகூட, தலைக்கு இவ்வளவு பவுண்டு என்று இந்திய வருவாயிலிருந்துதான் லண்டனுக்குப் போனது. பங்கா இழுத்தவர் காசில்தான் பங்காவுக்குக் கீழே படுத்திருந்தவன் சாப்பிட்டான்.

பழைய_பேரேடு:
உங்கள் கோபத்தில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்க நான் வரவில்லை. ரங்கூன் விஷயத்தில் அப்போதைய வைஸ்ராய் கர்சனே கொதித்துப்போய் அந்தப் பட்டாளத்தை ஏடனுக்குத் தூக்கி அடித்தார், அதுவும் அந்தப் பெண்ணுக்கு நீதி இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பட்டாளத்தை அனுப்பியவனையும் பட்டாளத்தில் சிக்கியவனையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். சிப்பாய்க்கு மேலே இருந்த அதிகாரிக்குத் தனி பங்களா, கிளப், போலோ, வேட்டை. சிப்பாய்க்குச் சாட்டையடி, பட்டாளத்தில் அது ஒழிந்ததே 1881இல்தான். அப்புறம் 'கஞ்சி ஹவுஸ்' என்று ஒன்று இருந்தது. நம் கஞ்சிதான். தப்பு செய்த சிப்பாயை அடைக்கும் ரெஜிமென்ட் கொட்டடிக்கு அவர்களே வைத்த பெயர், உள்ளே போட்டால் கஞ்சிதான் சாப்பாடு என்பதால். சொகுசு வாழ்க்கை வாழ்ந்தவனுக்கு எதற்கு அப்படி ஒரு சொல் தேவைப்பட்டது?

மலைச்சாரல்:
விவாதத்துக்கு நடுவில் ஒரு சின்னத் தகவல். 1914இல் பிரான்ஸ் பதுங்குகுழியில் வெள்ளைச் சிப்பாய் ஊரை நினைத்து 'பிளைட்டி' என்று ஏங்கினானே, அது நம் ஊரில் சீமையை 'விலாயத்து' என்கிறோமே அதேதான். காக்கி, சிட்டு (துண்டுச் சீட்டு), டீக்கு 'சார்' எல்லாம் இந்தியப் பாரக்ஸிலிருந்து போனவை. சொந்த ஊருக்கே எங்கள் பாஷையில் பெயர் வைக்கும் அளவுக்கு இங்கே கிடந்திருக்கிறார்கள்.

குன்னூர்_செல்வி:
பேரேடு அண்ணா, கஞ்சி ஹவுஸ் எனக்குப் புதுசு. 'சொகுசு' என்ற சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், ஆனால் 'பாவம்' என்ற சொல்லை உங்களிடம் கொடுக்க மாட்டேன்.

இவ்வளவு நேரம் யாரும் பெண்கள் பக்கம் வரவில்லை. கல்யாணத்துக்கு அனுமதி இல்லை என்றீர்களே, அதற்கு ராணுவம் கண்டுபிடித்த வழி என்ன? 1864 கன்டோன்மென்ட் சட்டத்துக்குப் பிறகு ரெஜிமென்ட் பஜாரிலேயே பெண்களை வைத்து, பெயரைப் பதிந்து, உடம்பைப் பரிசோதித்து, நோய் இருந்தால் பூட்டிய மருத்துவமனையில் அடைத்தார்கள். 1886இல் ராணுவத் தலைமையகத்திலிருந்தே ஒரு சுற்றறிக்கை போனது, பெண்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும், 'போதுமான அளவு கவர்ச்சியாக' இருக்க வேண்டும் என்று. அது வெளியே வந்து இங்கிலாந்தில் பெரிய ரகளையாகி, 1888இல் சட்டத்தை எடுத்தார்கள். எடுத்த பிறகும் நடைமுறை நிற்கவில்லை என்று 1891–92இல் இரண்டு அமெரிக்கப் பெண்கள், எலிசபெத் ஆண்ட்ரூவும் கேத்தரின் புஷ்னலும், கன்டோன்மென்ட் கன்டோன்மென்ட்டாகப் போய்ப் பெண்களிடமே பேசி எழுதினார்கள்.

சிப்பாய்க்கு ஏழாண்டோ எட்டாண்டோ கழித்து ஒரு கப்பல் வந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிய அந்தப் பெண்ணுக்கு எந்தக் கப்பல்?

பழைய_பேரேடு:
இதற்கு என்னிடம் பதில் இல்லை செல்வி. சுற்றறிக்கையின் வாசகம் இவ்வளவு பச்சையாக இருந்தது என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், வாதத்துக்காக இல்லை. 1857 மே 10 ஞாயிற்றுக்கிழமை, மீரட்டில் சாயங்கால வழிபாட்டுக்கு வெள்ளைச் சிப்பாய்கள் ஆயுதம் இல்லாமல் புறப்பட்ட நேரத்தில்தான் கிளர்ச்சி வெடித்தது. அதற்குப் பிறகு அவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் இல்லாமல் கோயிலுக்குப் போகவே இல்லை. பல கன்டோன்மென்ட் தேவாலயங்களில் பெஞ்சின் முதுகில் துப்பாக்கியைச் சாய்த்து வைக்க ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், இன்றும் போய்ப் பார்க்கலாம். விரலை விட்டால் வழவழவென்று இருக்கும். முழங்கால் போட்டு ஜெபம் செய்யும்போதும் பயம். அப்படிப் பயந்து பயந்து வாழ்ந்தவனை ராஜா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பங்கா_பேரன்:
பயம் என்கிறீர்கள். செல்வி முதலில் எழுதிய நாவிதரிடமே திரும்பிப் போகிறேன். கோயிலில் துப்பாக்கியைக் கீழே வைக்கப் பயந்தவன், அதே ஊர்க்காரர் ஒருவர் இருட்டில் கத்தியோடு வந்து கழுத்தைத் தொடும்போது கண்ணைக்கூடத் திறக்காமல் தூங்கினான். கூட்டமாக வந்தால்தான் நாங்கள் அவன் கண்ணுக்கு மனிதர்கள். தனியாக வந்தவர் அவனுக்கு ஒரு கத்தி, ஒரு கயிறு, ஒரு துடைப்பம்.

அந்த நாவிதர் நாற்பது கழுத்தையும் காயம் இல்லாமல் மழித்துவிட்டு, விளக்கை அணைத்துக்கொண்டு, விடிவதற்குள் அடுத்த பாரக்ஸுக்குப் போயிருக்கிறார். அவர் என்ன நினைத்தார் என்று ஒருவரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. எங்கள் தாத்தாவின் அப்பாவிடமும் கேட்கவில்லை. அவர் சொன்னதாக எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரே வரி: "கயிறு கையை அறுக்கும், எச்சிலைத் தொட்டு இழுப்பேன்."