மறு: ‘டெரிட்டரி’க்குத் தமிழ் என்ன? (ஓக்லஹோமா கட்டுரைக்காக)

வணக்கம் எல்லாருக்கும்,

மூணு நாளா இந்த இழை ஓடிட்டிருக்கு, இப்பதான் உட்கார்ந்து முழுசா படிச்சேன். தம்பி கேட்டது அமெரிக்காவோட ஓக்லஹோமா மாநிலம் உருவான கதையப் பத்தின கட்டுரையில டெரிட்டரி, ஃப்ரான்டியர், ஸ்டேட்ஹூட் மூணுக்கும் என்ன போடறதுன்னு. நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க. இது வெறும் அகராதி வேலை இல்லன்னு நான் நினைக்கிறேன்.

> பிரதேசம்னே விட்டுடலாமே, எல்லாருக்கும் புரியும்

அண்ணாச்சி, புரியும், ஆனா தப்பா புரியும். பிரதேசம்னா ஒரு இடம், அவ்வளவுதான். அமெரிக்காவுல டெரிட்டரிங்கறது ஒரு நிலை. 1787ல போட்ட வடமேற்குச் சட்டம் அத படிப்படியா வச்சிருக்கு, முதல்ல மேலிருந்து நியமிக்கிற கவர்னரும் நீதிபதிகளும் மட்டும், அடிமையல்லாத வயசு வந்த ஆம்பளைங்க 5,000 பேர் சேர்ந்தாச்சுன்னா சொந்தமா ஒரு சட்டசபை, 60,000 பேர் ஆயிட்டா மாநிலமா சேர்த்துக்கங்கன்னு கேக்கலாம். ஒஹாயோ அப்படித்தான் 1803ல மாநிலம் ஆச்சு. நம்ம ஆளுங்களுக்கு சொல்லணும்னா புதுச்சேரிய நினைச்சுக்கலாம், சட்டசபை இருக்கும், மேல ஒருத்தர் டெல்லியிலேர்ந்து வந்து உட்கார்ந்திருப்பார். ஆனா புதுச்சேரி எம்பிக்கு ஓட்டு உண்டு, அங்க டெரிட்டரி அனுப்பற பிரதிநிதி பேசலாம், ஓட்டு போட முடியாது.

அதனால ‘ஆட்புலம்’ எனக்கு சம்மதம். ஏற்கனவே புழங்குது, ஆட்சி நடக்குற புலம்னு அர்த்தமும் கிடைக்குது. ‘இளமாநிலம்’னு ஒருத்தர் சொல்லியிருந்தீங்க, இளவரசு மாதிரி, நாளைக்கு பட்டத்துக்கு வரப்போறதுன்னு. கேக்க அழகா இருக்கு. ஆனா நியூ மெக்சிகோ 1850ல ஆட்புலம் ஆகி 1912 வரைக்கும் காத்துக்கிடந்தது, குவாம் இன்னிக்கும் ஆட்புலமாவே இருக்கு, இளவரசுன்னா பட்டம் உறுதின்னு ஆயிடும். வேண்டாம்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கணும். ஓக்லஹோமா கட்டுரையில ரெண்டு டெரிட்டரி வருது. மேற்கே ஓக்லஹோமா டெரிட்டரி, கிழக்கே இந்தியன் டெரிட்டரி. பேர் ஒண்ணு, விஷயம் வேற. மேற்குக்கு 1890 மே 2ல சட்டம் போட்டு கவர்னர், சட்டசபை எல்லாம் குடுத்தாங்க. கிழக்குல அப்படி ஒரு அமைப்பே வரல. அங்க செரோக்கி, சோக்டா, சிக்கசா, மஸ்கோகி, செமினோல்னு அஞ்சு தேசங்கள், ஒவ்வொண்ணுக்கும் சொந்த அரசாங்கம், பள்ளிக்கூடம், கோர்ட். 1830கள்ல தென்கிழக்குலேர்ந்து அடிச்சு விரட்டப்பட்டு நடந்தே வந்தவங்க, ‘இது என்னிக்கும் உங்களுக்குத்தான்’னு வாக்கு குடுத்து உட்கார வச்ச இடம். ரெண்டுக்கும் ஆட்புலம்னு போட்டா வாசகர் ரெண்டும் ஒரே மாதிரி வாஷிங்டன் ஆண்ட இடம்னு எடுத்துப்பார். மேற்குக்கு ஓக்லஹோமா ஆட்புலம், கிழக்குக்கு ‘தொல்குடி நிலம்’னு பிரிச்சு எழுதுவோம். (இந்தியர்னு எழுதினா நம்மளத்தான் நினைப்பாங்க.)

அடுத்தது ஃப்ரான்டியர்.

> எல்லைப்புறம்

இது ரெண்டு நாட்டுக்கு நடுவுல இருக்கறது, வாகா மாதிரி. அவங்க சொல்றது நகர்ந்துட்டே போற கோடு. சென்சஸ்காரங்க சதுர மைலுக்கு 2 பேராவது இருந்தா அது குடியேறின இடம், அந்த விளிம்புதான் ஃப்ரான்டியர்னு கணக்கு வச்சிருந்தாங்க, 1890 சென்சஸோட அந்தக் கோடு இனி இல்லன்னு அறிவிச்சாங்க. அதனால அக்கா சொன்ன ‘குடிவிளிம்பு’ பொருத்தமா இருக்கு. எனக்கு அதுல ஒரு உறுத்தல், அந்தக் கணக்குல வரி கட்டாத தொல்குடி மக்கள சேர்க்கல. விளிம்புக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லாத மாதிரி அந்தச் சொல்லு நடந்துக்குது.

நான் தாலுகா ஆபீஸ் சர்வே பிரிவுல இருந்தவன், அதனாலதான் இது எனக்கு சட்டுனு படுது. ஒரு தடவை ஒரு பாட்டி ஜன்னல் கம்பிய புடிச்சுட்டு நின்னாங்க, கையில அடங்கல் (கிராமத்து நிலக் கணக்கு) நகல், அதுல அவங்க இடத்துக்கு நேரா ‘தரிசு’ன்னு இருந்தது. “தரிசு இல்ல சாமி, எங்க மாடு மேயுற எடம், எங்க மாமனார் காலத்துலேர்ந்து”ன்னாங்க. நான் தரிசுன்னா பயிர் வைக்காத நிலம்மான்னு விளக்கம் சொல்லி அனுப்பிட்டேன். அந்த ஒரு சொல்ல வச்சுத்தான் பின்னாடி அத வேற ஒருத்தருக்கு ஒப்படை பண்ணாங்க. சொல்லு தப்பில்ல, ரெவின்யூ கணக்குப்படி சரியான சொல்லு, ஆனா அந்தம்மாவ அது அங்கேர்ந்து அழிச்சிடுச்சு. அந்தக் கம்பிய புடிச்ச கை இன்னும் கண்ணுல நிக்குது.

1889ல நடந்ததும் சொல்லுலதான் ஆரம்பிச்சது. மஸ்கோகி, செமினோல் தேசங்கள்கிட்ட 1866 ஒப்பந்தத்துல வாங்கின நடுப்பகுதிய யாருக்கும் குடுக்காம வச்சிருந்தாங்க, அதுக்கு ‘ஒதுக்கப்படாத நிலம்’னு பேரு வந்துச்சு. பேர் வந்த உடனே பூமர்கள் கிளம்பிட்டாங்க (இப்ப பசங்க சொல்ற பூமர் இல்ல, நிலத்த திறந்து விடுன்னு கூட்டம் கூட்டி உள்ள பூந்தவங்க, டேவிட் பெய்ன் தலைமையில). ராணுவம் திரும்பத் திரும்ப வெளிய கொண்டு வந்து விட்டுச்சு, கடைசியில அவங்க கேட்டதுதான் நடந்தது. 1889 ஏப்ரல் 22, நடுப்பகல் 12 மணி, கிட்டத்தட்ட 50,000 பேர் கோட்டுல குதிரை, வண்டி, ரயில்னு நின்னாங்க, சிக்னல் குடுத்ததும் ஓட்டம். ஆளுக்கு 160 ஏக்கர். நிலம் முன்னாடியே அளந்து கல்லு போட்டது, 640 ஏக்கர் ஒரு செக்ஷன், அதுல கால்வாசி. புல்லு மண்டின காட்டுல மூலைக்கல்ல தேடி எண்ண படிச்சு முளை அடிச்சு நிக்கணும், அப்பறம் லேண்ட் ஆபீஸ்ல போய் பதியணும். காலையில ஒரு ஸ்டேஷனும் சில கட்டடமும் இருந்த கத்ரி பொழுது சாயறதுக்குள்ள 10,000 பேர் டெண்டு போட்ட ஊர்.

இதுல ‘சூனர்’னு ஒரு சொல் வருமே, மணி அடிக்கறதுக்கு முன்னாடியே உள்ள போய் ஓடையில புதர்ல ஒளிஞ்சிருந்தவங்க, அதுக்கு ‘முந்தேறி’ன்னு வைக்கலாமா? வந்தேறிங்கற சொல் நம்மகிட்ட இருக்கு, முந்தி ஏறினவன் முந்தேறி. அந்த முந்தேறி வழக்குங்க கோர்ட்டுல வருஷக்கணக்கா நடந்துச்சு.

இப்படி குடியிருந்து உழறவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற நிலம்தான் ஹோம்ஸ்டெட், அதுக்கு ‘வீட்டுநிலம்’ வேண்டவே வேண்டாம், மனைக்கட்டுன்னு ஆயிடும். நம்ம ரெவின்யூ பாஷையிலயே கச்சிதமா இருக்கு: நிபந்தனை ஒப்படை. அஞ்சு வருஷம் அங்கயே குடியிருக்கணும், உழணும், அப்பறம்தான் பட்டா. 1862 சட்டம் அதேதான்.

கடைசியா ஸ்டேட்ஹூட்.

> மாநிலத் தகுதி / மாநில அந்தஸ்து

பேப்பர்ல அந்தஸ்துதான் ஓடுது, தெரியும். ஆனா தகுதிய இதுக்கு போடவே கூடாதுன்னு நான் அடிச்சு சொல்வேன். தகுதிங்கறது 60,000 தலை சேர்றது. 1900 சென்சஸ்ல ஓக்லஹோமா ஆட்புலத்துல 3,98,331 பேர், தொல்குடி நிலத்துல 3,92,060 பேர். ரெண்டும் தனித்தனியா தகுதிக்கு ஆறு மடங்குக்கு மேல. இருந்தும் 1907 வரைக்கும் மாநிலம் ஆகல, ஏன்னா ரெண்டு மாநிலமா ஒண்ணான்னு சண்டை, ரெண்டா விட்டா எதிர்க்கட்சிக்கு நாலு செனட்டர் போயிடுமேன்னு வாஷிங்டன்ல பயம். தகுதி நம்ம கையில இருக்கறது, கிடைக்கறது அவங்க கையில. அதனால ‘மாநிலப்பேறு’. பேறுன்னா பெறுவது, குடுக்கறவங்க ஒருத்தங்க இருக்கணும்.

இதுக்கு சரியான உதாரணம் செக்கோயா. தங்க அரசாங்கங்கள கலைக்கப் போறாங்கன்னு (1898 கர்ட்டிஸ் சட்டம்) தெரிஞ்சதும், அஞ்சு தேசங்களும் 1905ல மஸ்கோகி ஊர்ல கூடி, செரோக்கி எழுத்த உருவாக்கினவர் பேர்ல செக்கோயான்னு ஒரு மாநிலத்துக்கு அரசியல் சாசனம் எழுதி, ஓட்டெடுப்பும் நடத்தி, பெரிய பெரும்பான்மையில ஜெயிச்சு காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) அனுப்பினாங்க. காங்கிரஸ் அத விவாதத்துக்கே எடுக்கல. ஜனம் இருக்கு, சாசனம் இருக்கு, ஓட்டு இருக்கு. தகுதி முழுசா இருந்துச்சு, பேறு இல்ல. 1907 நவம்பர் 16ல ரெண்டையும் சேர்த்து 46வது மாநிலமா அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் கையெழுத்து போட்டார், அன்னிக்கு கத்ரியில நூலகப் படிக்கட்டுல ஒரு பொய்க் கல்யாணம் நடத்தினாங்க, மாப்பிள்ளை ஓக்லஹோமா ஆட்புலம், பொண்ணு தொல்குடி நிலம். பொண்ணு ஏற்கனவே வேணாம்னு ஓட்டு போட்டிருந்தா.

இந்த மடலாடற குழுவுக்குன்னே ஒரு தகவல்: ஓக்லஹோமாங்கறதே ஒரு கலைச்சொல்தான். 1866 ஒப்பந்தப் பேச்சுல சோக்டா தலைவர் ஆலன் ரைட் அவங்க மொழியில ‘ஓக்லா’ மக்கள், ‘ஹுமா’ சிவப்புன்னு சேர்த்துக் குடுத்த பேர். தொல்குடிகளோட நிலத்துக்குன்னு அவர் சொன்ன பேர், கடைசியில ஓடிவந்து முளை அடிச்சவங்க மாநிலத்துக்கு ஆச்சு.

அன்புடன்.

———

> குடியேற்றம் எண்டு நீங்கள் கட்டுரை முழுக்க எழுதினா எங்கட சனத்துக்கு கல்லோயாதான் ஞாபகம் வரும் அண்ணை. அது எங்களுக்குப் பொதுச்சொல் இல்லை.

தங்கச்சி, நீங்க சொன்னதுக்கப்பறம் ராத்திரி பூரா இதத்தான் யோசிச்சுட்டிருந்தேன். எனக்கு இந்தப் பக்கம் குடியேற்றம்னா துபாய் போறவன் எமிக்ரேஷன் வரைக்கும் ஒரே சொல்லு, கனமே தெரியாது. இலங்கையில உங்களுக்கு, கல்லோயா மாதிரி, அரசாங்கம் திட்டம் போட்டு ஆள் கொண்டு வந்து இறக்கி ஒரு ஊரோட கணக்கையே மாத்தினது. யோசிச்சா ஓக்லஹோமாவுல நடந்தது உங்க அர்த்தத்துக்குத்தான் கிட்ட வருது. 1907ல எடுத்த கணக்குல மொத்தம் 14 லட்சத்த தாண்டிடுச்சு, தொல்குடி மக்கள் தங்க நிலத்துலயே சிறுபான்மை. அதனால செட்டில்மென்டுக்கு குடியேற்றம்னே வச்சுக்கலாம், உங்க கனத்தோடவே, கூடவே யார் நிலத்துலங்கறதயும் அதே வாக்கியத்துல எழுதிடணும். குடிவிளிம்புக்கும் அதே நிபந்தனை.

இன்னும் ஒண்ணு தீரல. ரிசர்வேஷன், அதாவது ஒரு தொல்குடி தேசத்துக்குன்னு உள்ள நிலம். ‘ஒதுக்கீடு’ன்னா நம்மூர்ல காலேஜ் சீட்டு, ‘காப்பு நிலம்’னா ஃபாரஸ்ட்காரங்க வந்துடுவாங்க. 2020 ஜூலைல அமெரிக்க உச்ச நீதிமன்றம் மஸ்கோகி ரிசர்வேஷன் கலைஞ்சதுன்னு காங்கிரஸ் எந்த இடத்துலயும் எழுதல, அதனால பெரிய குற்ற வழக்குகளுக்கு அது இன்னும் தொல்குடி நிலம்தான்னு தீர்ப்பு சொல்லிச்சு, மாநிலம் ஆகி 113 வருஷம் கழிச்சு. கட்டுரையோட கடைசிப் பத்தி அதுதான், சொல்லு இல்லாம நிக்குது. ‘ஒதுக்குநிலம்’னு தற்காலிகமா போட்டிருக்கேன். அவங்க தங்களுக்குன்னு நிறுத்தி வச்சுக்கிட்ட நிலம்னு ஒலிக்கணும், மத்தவங்க ஓரங்கட்டி விட்ட இடம்னு ஒலிக்கக்கூடாது. உங்க பக்கம் காணிச் சொல்லுல ஏதாவது இருக்கா பாருங்க.