மறு: மறு: கேலிப்ரேஷனுக்குத் தமிழ் (திங்களன்று அச்சுக்குப் போகிறது)

நண்பர்களே,
வார்டில் உள்ள கருவிகளில் ஒட்டும் ஸ்டிக்கரைத் தமிழில் அடிக்கச் சொல்லிவிட்டார்கள். கேலிப்ரேஷனுக்கு, அதாவது கருவி தரும் அளவைத் தெரிந்த அளவோடு ஒப்பிட்டுக் குறிப்பதற்கு, ‘அளவுத்திருத்தம்’ என்று போட்டேன், உறுத்துகிறது. நேற்று மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் ஒரு சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 10 மி.லி. வைத்து, ஓட்டத்தை அளக்கும் அனலைசரில் ஓடவிட்டேன். 9.8 காட்டியது. எங்கள் வரம்புக்குள்தான். அளந்தேன், குறித்தேன், கையெழுத்துப் போட்டேன். எதையுமே திருத்தவில்லையே!
— கா.மு.

தம்பி,
அகராதியில் ஏறிய சொல். பேசாமல் அதையே போடுங்கள்.
— செ.

செ. ஐயா,
ஏறிவிட்டால் சரியாகிவிடுமா? ஆங்கிலச் சொல்லின் வேர் அரபியின் ‘காலிப்’, அதாவது அச்சு. அதற்கும் பின்னால் செருப்புத் தைக்கும் கிரேக்கரின் கால்கட்டை இருக்கிறது என்பார்கள். அதை விடுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நெல்லை அளந்தது எதனால்? ‘ராஜகேசரியோடொக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால்.’ அரசன் பட்டப்பெயர் தாங்கிய மரக்கால் ஒன்று, அதோடு ஒத்த கோயில் மரக்கால் ஒன்று. கா.மு. செய்ததும் இதுதான். ‘ஒப்பளவு’ என்பேன், வினைக்கு ‘ஒப்பளத்தல்’. பொன் நிறுத்த ‘ஆடவல்லான் என்னும் கல்’ பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
— ந.

ந.,
‘ஒக்கும்’ தன்வினை. ஒத்திருக்கிறது என்கிறதே தவிர, யாரோ ஒத்துப் பார்த்தார் என்று கல்வெட்டு சொல்லவில்லை.
— செ.

ஒத்துப் பார்க்காமல் ஒக்கும் என்று கல்லில் வெட்டுவார்களா ஐயா?
— ந.

‘ஒப்பளவு’ என்று எழுதி இரண்டு சிஸ்டர்களிடம் காட்டினேன். ஒருவர் ‘ஒப்புதல்’ என்று வாசித்து, யார் ஒப்புதல் கொடுத்தது என்று கேட்டார். ‘அளவு சரிபார்த்த நாள்’ என்றதும் இருவருக்கும் புரிந்துவிட்டது.
ஆனால் சரிபார்ப்பு வேறு வேலை. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரில் 200 ஜூல் வைத்து, நோயாளியின் உடலுக்குப் பதிலாக வைக்கும் 50 ஓம் சுமையில் எத்தனை வருகிறது என்று குறிப்பது கேலிப்ரேஷன். அது போதுமா, போதாதா என்று சொல்வதுதான் சரிபார்ப்பு. தெரிந்தேதான் கேட்கிறேன், போட்டுவிடலாமா?
— கா.மு.

போடுங்கள். சிஸ்டருக்குத் தேவை நாள், இலக்கணம் அல்ல.
— வி.

சரி, நானும் விட்டுவிடுகிறேன்.
— செ.

அச்சுக்குப் போய்விட்டது. மொத்தம் 400 ஸ்டிக்கர். என் பதிவேட்டில் மட்டும் பென்சிலால் ‘ஒப்பளவு’ என்று எழுதியிருக்கிறேன்.
— கா.மு.

பென்சிலாலா! எனக்கு ஒப்பவில்லை. கல் பற்றிய மடல் நாளை வரும்.
— ந.