பக்கி (பிக்கப் வண்டி) பம்பருக்கு எந்த பெயிண்ட் தாங்கும்?

டர்பன்வாசி: அண்ணே, பக்கிக்கு பெயிண்டே அடிக்காத ஸ்டீல் பம்பர் வாங்கியிருக்கேன். வீடு டர்பன்ல கடலோரம், ப்ளஃப் பக்கம், உப்புக்காத்து சும்மா விடாது. பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவி சூட்டுல உருக்கி ஒட்ட வைக்கிற பூச்சு) போடவா இல்ல நானே அடிச்சிரவா?

சாட்ஸ்வர்த்காரன்: பவுடர் பாக்க ஜோரா இருக்கும் தம்பி, ஆனா கல்லடிச்சு ஒரு எடத்துல பேந்துச்சுன்னா துரு அடியிலயே ஊர்ந்து போயி பத்தைபத்தையா உரிஞ்சு வரும், அப்புறம் டச்சப் பண்றதும் கஷ்டம். என்னைக் கேட்டா எபாக்சி பிரைமர் (துரு தடுக்குற அடிப்பூச்சு) ரெண்டு கோட், மேல டூ-கே (கெட்டியாக்கி கலந்து அடிக்கிற பெயிண்ட்) கருப்பு. முதல்ல எண்ணெய்ப்பசை போக துடைச்சு, புது ஸ்டீல் மேல இருக்கிற அந்த நீலச்சாம்பல் தோல் முழுசா போற வரைக்கும் 80 நம்பர் உப்புத்தாள் டிஸ்க்கால தேச்சு, அன்னைக்கே பிரைமர் அடிச்சிரு, உங்க ஊரு ஈரத்துக்கு மறுநாளே செவந்துரும்.

மலைரோடு: வெல்டு மூலையையும் விட்ராதீங்க, அங்க பிரஷ்ஷால ஒரு கோட் கூடுதலா. உள்பக்கம் மெழுகு ஸ்ப்ரே. டூ-கேல ஐசோசயனேட்னு மூச்சுக்கு ஆகாத கெமிக்கல் இருக்கு, துணி மாஸ்க்லாம் பத்தாது.

டர்பன்வாசி: சரிண்ணே, அப்ப பவுடர் வேணாம்.